பேர் மட்டும்

பள்ளிபாளையம்
8 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி எலியாசருக்கு,

அக்கா ரெபேக்காள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ நல்லபடியாக ஜெகதல்பூர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். போனில் உன் பேர் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். நீ என்ன சொன்னாயோ தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து தறி ஓட்டித் தேய்ந்த காது இது. நீ வாங்கித் தந்த மெஷினும் விசில் அடிப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். இனிமேல் எதுவானாலும் எழுது.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே இருந்தபோது பக்கத்து வீட்டு முத்தாயம்மாளுக்குக் கல்கலும் முறுக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தேன் அல்லவா? அந்தத் தட்டு நேற்றுதான் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறும் தட்டாக, வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் தட்டைத் திருப்புகிற பழக்கம் எங்கள் லைன் வீடுகளில் கிடையாது.

ஜெயசீலன் போன பிறகும் அவளிடம் நான் முகம் கோணியதில்லை. வண்டி ஓட்டியது அவள் மகன் யோகேஷ். பின்னால் உட்கார்ந்திருந்தது என் மகன். ஜேடர்பாளையம் அணைக்குக் குளிக்கப் போய்விட்டு வரும்போது, கரும்பு டிராக்டரை முந்தப் போய் இப்படி ஆகிவிட்டது. அந்த வீட்டோடு பேசாதே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, அந்தப் பையனை மன்னித்துவிட்டேன் என்று சாட்சி சொன்னேன். நீயும் அன்று கடைசி பெஞ்சில் இருந்தாய். அன்று முதல் ஒரு காலையும் விடாமல் அவன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அப்படியிருந்தும் அவர்கள் விலகி விலகிப் போகிறார்கள். யோகேஷ் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வேலைக்குப் போய்விட்டானாம். தீபாவளிக்கும் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான், முகத்தைத் திருப்புவது அவர்களா? உன்னிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா? ஒளிக்காமல் எழுது.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அக்கா,
ரெபேக்காள்


ஜெகதல்பூர்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நான் சுகம். உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. வேலை கழுத்தை நெரிக்கிறது. கோடை பிறப்பதற்குள் எல்லா ரிக் வண்டியையும் தயார் செய்து அனுப்ப வேண்டும். ஒர்க் ஷாப் முழுக்கத் திருச்செங்கோட்டுப் பேச்சுதான். சத்தீஸ்கரில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

முழங்காலுக்குத் தைலம் தேய். காது மெஷினை ஈரோட்டில் வாங்கின கடையிலேயே காட்டு. டப்பாவில் வைக்கவா வாங்கிக் கொடுத்தேன்?

இன்னொன்று. பனிக்காலமாக இருக்கிறது. விடிகாலையில் ஜெபத்தை மனதுக்குள்ளேயே செய்தால் என்ன? தொண்டைக்கும் நல்லது. கர்த்தருக்கு எப்படிச் சொன்னாலும் கேட்கும்.

தட்டு விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன் தம்பி,
எலியாசர்


பள்ளிபாளையம்
3 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். நான் சுகம். உன் கைச்சமையல் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

மனதுக்குள் ஜெபி என்று எழுதியிருக்கிறாய். லெந்து தவநாளில் சொல்லக்கூடிய புத்திமதியா இது? மனதுக்குள் தொடங்கினால் பாதியில் ரேஷன் கடைக்குப் போய்விடுகிறது என் மனம். எங்களுக்கெல்லாம் ஜெபம் என்றால் தறிச் சத்தத்துக்கு மேலே போக வேண்டும். இந்த லைனில் சுவருக்குச் சுவர் தறி ஓடிய காலத்தில், பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடக் கேட்காது என்பதால்தான் நாங்கள் துணிந்து அழுததும் ஆண்டவரிடம் சண்டை போட்டதும். உன் மாமா இருந்தபோதுகூட அவரைப் பற்றிய புகாரை அவருக்கு எதிரிலேயே நின்று சொல்லியிருக்கிறேன். அவர் ஊடை நூலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்போது எதிர்ப் பட்டறையும் மூடியாயிற்று. ஜெயசீலன் இறந்த வருஷமே தறியை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். காது போனால் என்ன, உள்ளங்காலுக்குத் தெரியும். முன்பெல்லாம் படுத்தால் தரை அதிரும். இப்போது அதிர்வதில்லை. அது ஒன்றுதான் எனக்கு வித்தியாசம்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். முத்தாயம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு குமாரபாளையத்தில் அவள் தம்பி வீட்டுப் பக்கம் போகப் போகிறாளாம். மகன் வராத வீட்டில் இருப்பானேன் என்கிறாளாம். அவளும் போய்விட்டால் இந்தக் கோடியில் நான் ஒருத்திதான். செத்துக் கிடந்தாலும் பால்காரன் வந்துதான் பார்க்க வேண்டும். யோகேஷ் இருப்பது ஜெகதல்பூர்ப் பக்கத்து ரிக்கில் என்று தெரிந்துகொண்டேன். வண்டி எப்படியும் உன் ஒர்க் ஷாப்புக்கு வரும். அவனைப் பார். அக்கா உன்னை மன்னித்துவிட்டது, வீட்டுக்கு வா என்று சொல். அவன் வந்தால் அவர்கள் காலி செய்ய மாட்டார்கள். எனக்காக இதைச் செய்.

உன் அக்கா,
ரெபேக்காள்


பள்ளிபாளையம்
9 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். ஈஸ்டர் வாழ்த்துகூட உன்னிடமிருந்து வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நான் மட்டும் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். தாய்மாமன் உன் பேரிலும் ஒரு மாலை போட்டேன்.

யோகேஷைப் பார்த்தாயா?

ரெபேக்காள்


ஜெகதல்பூர்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. மன்னித்துக்கொள். வெயில் கொளுத்துகிறது. ரிக்குகள் ராப்பகலாக ஓடுகின்றன, நானும் அவற்றோடு ஓடுகிறேன். இந்த ஊரில் ரிக் ஒன்றா இரண்டா? யார் எதில் இருக்கிறான் என்று எப்படித் தேடுவது? லாரிப் பையன்கள் இன்று இங்கே, நாளை ஒரிசாவில்.

மாலை போட்டதற்குச் சந்தோஷம். முழங்கால் எப்படி இருக்கிறது? மாம்பழம் அதிகம் சாப்பிடாதே, சர்க்கரை ஏறும்.

தம்பி,
எலியாசர்


பள்ளிபாளையம்
2 ஜூன் 2024

தம்பி எலியாசருக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதைக் கேட்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தேன். முத்தாயம்மாள் வீட்டு முன்னால் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. நேரே போய், "நான் என்ன தப்புப் பண்ணினேன், சொல்லிட்டுப் போ" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மகள் ஸ்ரீதேவி இருக்கிறாளே, ஈரோட்டில் காலேஜ் படிக்கிறவள், அவள் மட்டும் என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். தறிக்காரிக்கு உதட்டைப் பார்த்தே பேச்சுப் புரியும் என்று அவளுக்குத் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"பெரிம்மா, காலைல நீங்க செபம் பண்றது எங்க ஊட்டுக்குள்ள கேக்குதுங்க."

"எது கேக்குது?"

"எல்லாமேங்க. எதுத்தாப்புல தறி நின்னதுக்கப்பறம் ஒரு வார்த்த உடாமக் கேக்குதுங்க. 'என் மகனைக் கொன்ன யோகேஷை மன்னியும்'ங்கறீங்கல்லங்க, அதத் தெனமும் கேட்டுத்தானுங்க அண்ணன் எந்திரிச்சான். மொதல்ல தலவாணிய வெச்சுக் காத அடச்சுக்குவான். அப்பறம் படுக்கறக்கே ஊட்டுக்கு வரமாட்டான். அப்பறந்தானுங்க ரிக்குக்குப் போயிட்டான்."

"ஏங்கண்ணு இத்தன நாளா சொல்லுல?" என்றேன்.

"அம்மா உடுலீங்க. பெத்தவ வயிறெரிஞ்சு சாமி கும்புடறா, அத நிறுத்துன்னு நாம எந்த வாயில சொல்றதுன்னுட்டாங்க."

தம்பி, நான் மன்னித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். நல்ல கிறிஸ்தவள் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. தினமும் அந்தப் பையனைப் பாயிலிருந்து எழுப்பி, நீ கொலைகாரன், நீ கொலைகாரன் என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டவரையும் அதற்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறேன். அந்த முத்தாயம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து வாசல் தெளித்திருக்கிறாள். ஒருநாள்கூட என் கதவைத் தட்டி வாயை மூடு என்று சொல்லவில்லை. மன்னிக்கிறேன் என்று சொன்னது நான், பொறுத்துக்கொண்டது அவள்.

நான் வாய்விட்டு ஜெபித்து ஒரு வாரமாகிறது. வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் நான் தனியாக இருப்பது இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. ஆண்டவரிடமும் பேச்சு இல்லை.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. டிசம்பரில் நீ வந்து இந்த அறையில்தான் படுத்திருந்தாய். உன் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கேட்டாயா? கேட்டிருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ரெபேக்காள்


ஜெகதல்பூர்
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். தெரியாமல் செய்ததை ஆண்டவர் கணக்கில் வைக்க மாட்டார். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஆயரம்மாவை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிரு. நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே மழை இறங்கிவிட்டது. போர் ஓட்டும் வேலை நின்றுவிட்டது. ரிக்குகளை ஓரங்கட்டிவிட்டுப் பையன்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒர்க் ஷாப்பில் நானும் ஒரு காவல்காரரும்தான். எனக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

தம்பி,
எலியாசர்


பள்ளிபாளையம்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக. வயிறு இப்போது எப்படி இருக்கிறது? சீரகத் தண்ணீர் குடி.

ஸ்ரீதேவி சொன்னதிலிருந்து முத்தாயம்மாள் வீட்டு வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. திருவிருந்து ஞாயிறு வந்தது. அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போகவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். பலிபீடத்துக்குப் போகும் முன் போக வேண்டிய வீடு ஒன்று இருந்தது. ஆராதனை முடியுமுன்னே எழுந்து, புடவையைக்கூட மாற்றாமல் அங்கே போனேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. "உம் பையனக் காலைல காலைல கொன்னுட்டேன் முத்தாயி, என்னிய மன்னிச்சிரு" என்று அவள் காலைப் பிடிக்கக் குனிந்தேன். முழங்கால் மடங்கவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டேன். அவள் முறத்தைப் போட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தாள்.

"ஐயோ சாமி, என்ன இது? நீங்க தெரிஞ்சா பண்ணுனீங்க? எந்திரிங்க்கா. ஒரு வாய் காப்பி குடிங்க."

காப்பி குடித்தேன். இரண்டு பேரும் அழுதோம். மழைக்கு ரிக் பையன்கள் எல்லாம் ஊருக்கு வந்தாயிற்று, யோகேஷ் மட்டும் நிற்கிற வண்டிக்குக் காவலாக அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். அவன் வருவதாக ஒரு வார்த்தை சொன்னால் காலி செய்ய மாட்டேன், ஐப்பசி வரைக்கும் பார்ப்பேன் என்றாள்.

"ஜெகதல்பூர்ல என் தம்பி இருக்கறானே, யோகேஷ் போய்ப் பாத்திருக்கலாமே" என்றேன்.

"போனானுங்க பெரிம்மா, காச்சலோட..." என்று ஸ்ரீதேவி தொடங்கினாள். முத்தாயம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "லாரி ஓட்டறவங்களுக்கு ஏதுங்க்கா நேரம்" என்று பேச்சை மாற்றிவிட்டாள். உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிகிறவளுக்கு மணிக்கட்டும் தெரியும். நான் மேலே கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை. உன்னை என்னிடம் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அவள் மூடியதை நான் ஏன் திறக்க வேண்டும்?

இப்போது மறுபடியும் ஜெபிக்கிறேன். பேர் மட்டும் சொல்கிறேன். முத்தாயம்மாள். ஸ்ரீதேவி. யோகேஷ். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஆண்டவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ஞாபகமறதி கிடையாது. அதற்கப்புறம் எலியாசர். அதுவும் பேர் மட்டும். கடைசியாக ரெபேக்காள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதைச் சொல்லி முடித்து எழுந்திருக்கத்தான் நேரமாகிறது.

உன் அக்கா,
ரெபேக்காள்


ஜெகதல்பூர்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் பலமுறை எடுத்து எடுத்துப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

மழை விட்டு வேலை தொடங்கிவிட்டது. போன வாரம் ஒரு ரிக் கம்ப்ரஸர் பழுதென்று வந்தது. ஆட்கள் எல்லாம் உள்ளே வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் கேட்டுக்கு வெளியே, லாரி டயர் ஓரமாகக் குந்தியிருந்தான். யோகேஷ்தான், இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். அன்று அவன் காய்ச்சலோடு வந்தபோது திறக்காத கேட்டை, இந்த முறை நானே போய்த் திறந்தேன்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "அடிக்கறதுன்னா இங்கயே அடிச்சிருங்க மாமா, உள்ள மட்டும் கூப்புடாதீங்க" என்றான்.

"சோத்துக்குத்தாண்டா கூப்புடறேன், வா" என்றேன்.

வந்தான். என் அறையிலேயே உட்கார வைத்து நானே பரிமாறினேன். தலையைத் தூக்காமல் தின்றான். கை கழுவிய பிறகு, நீ பேர் மட்டும் சொல்லி ஜெபிப்பதைச் சொன்னேன். அவன் பேரும் அதில் இருக்கிறது, பேருக்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் கிடையாது என்றேன். பிறகு கேட்டான்.

"சீலன் பேரும் சொல்றாங்களாங்க மாமா?"

அவனே பேசினான்.

"நான் அவம் பேரச் சொல்லி ரொம்ப நாளாச்சுங்க. எங்கூட்டுல சொன்னா அம்மா அழுவுது. வெளிய சொன்னா, கொன்னவன் வாயில அந்தப் பேரு எதுக்குங்கறாங்க. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அவனும் நானும் ஒண்ணாத்தானுங்க மாமா இருந்தோம். எனக்கும் அவன் ஒருத்தந்தானுங்க."

அக்கா, உனக்கு மகன், எனக்கு மருமகன் என்றே நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இவனுக்கு அவன் யார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே பதில் எழுது. அவன் ரிக் இன்னும் இங்கேதான் நிற்கிறது. அவனும் என் அறையில்தான் படுத்துக்கொள்கிறான்.

தம்பி,
எலியாசர்


பள்ளிபாளையம்
27 அக்டோபர் 2024

தம்பி எலியாசருக்கும், கண்ணு யோகேஷுக்கும்,

உங்கள் இரண்டு பேருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாவதாக. நான் சுகம். உன் அம்மாவும் ஸ்ரீதேவியும் சுகம், யோகேஷ். உன் அம்மாவுக்கு நீ வந்தால்தான் முழுச் சுகம்.

நீ கேட்டதை ஆயரிடம் போய்க் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் கூடாது என்பார். அவர் படித்தவர், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதனால் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆண்டவர், பெற்றவள் பிள்ளை பேரைச் சொன்னால் கோபிக்கிறவர் இல்லை. உண்மையில் நானும் அவன் பேரைத் தனியாகச் சொல்லி வருஷமாகிவிட்டது. 'என் மகனைக் கொன்ற' என்றுதான் சொன்னேனே தவிர, ஜெயசீலன் என்று சொல்லவே இல்லை. உன் பேரைத்தான் தினமும் சொன்னேன். அவனைத் தொலைத்துவிட்டேன்.

காலி செய்வதை உன் அம்மா கார்த்திகைக்குத் தள்ளி வைத்திருக்கிறாள். அதற்கு மேல் தள்ள முடியாதாம். தம்பி, டிக்கெட் எடுத்து இவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. தனியாக அனுப்பாதே.

இன்று காலை முகம் கழுவிக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். தறிக்கு மேலே போகிற என் பழைய குரலில், அடிவயிற்றிலிருந்து, ஜெயசீலா, யோகேஷு என்று கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் ஆடிக்கொண்டிருக்கும் உங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுவேனே, அப்படி. வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

முத்தாயம்மாள் ஓடி வந்து என் வாசலில் நின்றாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தால்தானே அவள் பேசுவது எனக்குத் தெரியும்? எடுத்தாள்.

"இன்னொருக்காக் கூப்புடுங்க்கா."

கூப்பிட்டேன்.

உன் பெரியம்மா,
ரெபேக்காள்